இரண்டு ஜெராக்ஸ் கடை, இரண்டு கல்யாண மண்டபம்

எங்கள் பக்கத்தில் கல்லூரி வாசலுக்கு எதிரே இரண்டு ஜெராக்ஸ் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கின்றன. போன வருடம் ஒரு கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். மறுவாரமே அடுத்த கடையில் ஒன்றேகால் ரூபாய் அட்டை தொங்கியது. பரீட்சை சமயத்தில் இங்கே ஒரு ரூபாய். சாயங்காலத்துக்குள் அங்கேயும் ஒரு ரூபாய். இப்போது இரண்டு இடத்திலும் 80 பைசா. பேப்பர், டோனர், கரண்ட், கடை வாடகை எல்லாம் போக என்ன நிற்கும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அஞ்சு பைசா நின்னா பெரிசு சார்" என்றார்.

அதே தெருவில் நூறடி தள்ளி இரண்டு கல்யாண மண்டபங்கள் எதிரெதிரே நிற்கின்றன. வைகாசி முகூர்த்தங்களுக்கு இரண்டும் ஆறு மாதம் முன்பே நிரம்பிவிடும். இவர் வாடகையைக் குறைத்தார், அதனால் அவரும் குறைத்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கேயும் போட்டியாளர்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஒரு ஜோடி தேய்ந்துகொண்டிருக்கிறது, இன்னொரு ஜோடி செழிப்பாக இருக்கிறது.

போன வாரம் ஆதார் நகல் எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு மெஷினின் விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். "புது மாடல் சார். டோனர் கம்மியாத்தான் பிடிக்கும். பக்கத்துக்குப் பத்து பைசா மிச்சமாகும்னு சொல்றாங்க. லோன் போட்டு வாங்கலாமா?" என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது சின்னக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் பொருளாதாரம் படித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நாமும் மெதுவாக அதற்குள் போவோம்.

கதை 1838இல் பிரான்ஸில் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் அந்துவான் ஓகுஸ்தான் கூர்னோ என்ற கணித அறிஞர், செல்வத்தைப் பற்றிய கோட்பாட்டைக் கணிதச் சூத்திரங்களால் விளக்கி ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தாது நீர் ஊற்று. ஒரே தரமுள்ள இரண்டு ஊற்றுகள், இரண்டு முதலாளிகள். தினம் எவ்வளவு தண்ணீரைச் சந்தைக்கு அனுப்புவது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். வந்து சேர்ந்த மொத்தத் தண்ணீரைப் பார்த்து விலை தானாக அமைகிறது. அப்படியானால் அந்த விலை எங்கே போய் நிற்கும் என்பதுதான் கூர்னோவின் கேள்வி.

நம் ஊருக்கு ஏற்ற மாதிரி இதைத் தண்ணீர் கேன் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். வடக்குத் தெருவில் ஒருவர், தெற்குத் தெருவில் ஒருவர், இருவரும் ஒரே மாதிரி தண்ணீரைச் சுத்திகரித்து கேனில் விற்கிறார்கள். கணக்கு சுலபமாக வர சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு கேன் 100 ரூபாய் என்றால் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள்; விலை ஒரு ரூபாய் குறையக் குறைய ஒரு கேன் கூடுதலாகப் போகும். ஒரு கேனின் அடக்க விலை இருவருக்கும் 40 ரூபாய்.

விடிகாலையில் இருவரும் தங்கள் வண்டியில் ஆளுக்கு 20 கேன் ஏற்றி அனுப்பினால் மொத்தம் 40 கேன். விலை 60 ரூபாயில் நிற்கும். கேனுக்கு 20 ரூபாய் லாபம், ஆளுக்கு 400 ரூபாய். இப்போது வடக்குத் தெருக்காரருக்கு ஓர் ஆசை, இன்னும் ஒரு கேன் ஏற்றினால் என்ன? ஏற்றினால் விலை 59க்கு இறங்கும். அது அந்த ஒரு கேனோடு நிற்காது, அவருடைய 21 கேனுக்கும் 59தான். 21ஐ 19 ரூபாயால் பெருக்கினால் 399. ஒரு ரூபாய் நட்டம். சரி, ஒரு கேனைக் குறைத்துப் பார்ப்போம் என்று 19 கேன் அனுப்பினால் விலை 61; 19ஐ 21ஆல் பெருக்கினால் அதுவும் 399. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு ரூபாய் போகிறது. அதனால் இருவரும் 20இலேயே நிற்கிறார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, இருந்தும் விலை அடக்கத்துக்கு வெகு மேலே நிற்கிறது. இதைத்தான் அளவுப் போட்டி என்கிறோம். கூர்னோ பார்த்தது இதைத்தான்.

அவருடைய புத்தகத்தை அந்தக் காலத்தில் சீந்துவார் இல்லை. அவர் 1877இல் இறந்து ஆறு வருடம் கழித்து, 1883இல், ழோசெஃப் பெர்த்ரான் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கணித மேதை அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். அவர் கேட்டது நம் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். 60 ரூபாயில் எதற்காக நிற்க வேண்டும்? ஒருவர் 59 என்று சொன்னால் ஊர் மொத்தமும் அவரிடம் வந்துவிடாதா? அடுத்தவர் 58 என்பார். இந்த இறக்கம் அடக்க விலையான 40 வரை நிற்காது. அங்கே 60 கேன் விற்கும், லாபம் பூஜ்யம். இது விலைப் போட்டி. அதே ஊர், அதே தண்ணீர், அதே இரண்டு பேர். ஒரு கணக்கில் ஆளுக்கு 400 ரூபாய், இன்னொரு கணக்கில் ஒன்றுமில்லை. பதில் சொல்லக் கூர்னோ உயிரோடு இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும்.

இருவரில் யார் சரி? ஏறக்குறைய 100 வருடம் கழித்து, 1983இல், டேவிட் கிரெப்ஸ், ஹோசே ஷைங்க்மன் என்ற இருவர் ஓர் அழகான விடையைத் தந்தார்கள். முதலில் ஆலையின் கொள்ளளவைக் கட்டி முடித்துவிட்டு, பிறகுதான் விலையில் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பொதுவாக முடிவு கூர்னோ சொன்ன இடத்துக்கே வந்து சேர்கிறது என்று காட்டினார்கள். மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். எதிர் மண்டபக்காரர் வாடகையைப் பாதியாக்கினாலும் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான் நடத்த முடியும். மீதிக் கல்யாணங்கள் இவரிடம்தான் வந்தாக வேண்டும். பிறகு எதற்கு விலையைக் குறைப்பது? ஜெராக்ஸ் கடையில் அப்படி இல்லை. கூட்டம் வந்தால் இன்னொரு பண்டில் பேப்பரைப் பிரித்து வைத்தால் போதும். ஆக, ஒரு தொழிலைப் பார்த்தவுடன் நாம் கேட்க வேண்டியது இதுதான். நாளைக்கு ஊரே திரண்டு உங்களிடம் வந்தால் உங்களால் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அது விலைப் போட்டி. முடியாது, இன்னொரு மண்டபம் கட்ட இரண்டு வருடம் ஆகும் என்றால் அது அளவுப் போட்டி.

இதுவரை லாபத்தைப் பார்த்தோம். இனிமேல் புதுமை. நம்மில் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருப்பது இங்கேதான். எனக்கும் வெகுகாலம் இருந்தது. "லாபம் வருகிறவனிடம்தான் ஆராய்ச்சிக்குப் பணம் இருக்கும், அதனால் அவன்தான் புதுமை செய்வான்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "லாபம் வந்தால் சோம்பல் வரும், அடிபட்டவன்தான் புதுசாக எதையாவது கண்டுபிடிப்பான்" என்று மறுசாரார் சொல்வார்கள். இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிகிறது. உண்மையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் கண்ணை வைத்திருக்கிறார்கள், இன்றைக்குக் கல்லாவில் இருக்கும் பணத்தில். ஆனால் மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர் கேட்க வேண்டியது வேறு. வாங்கிய பிறகு வரப்போகும் லாபத்துக்கும் வாங்காவிட்டால் இருக்கப்போகும் லாபத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம்? இருக்கிற லாபத்தையும் கூடுகிற லாபத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கென்னத் ஏரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்.

மறுபடி கேனுக்கு வருவோம். வடக்குத் தெருக்காரருக்கு ஒரு புது வடிகட்டி கிடைக்கிறது. அதைப் போட்டால் அடக்கம் 40இலிருந்து 34 ரூபாயாகக் குறையும். விலைப் போட்டி நடக்கும் ஊரில் என்ன ஆகும்? எதிராளியால் 40க்குக் கீழே விற்க முடியாது. இவர் 40க்கு ஒரு பைசா குறைத்துச் சொன்னால் போதும், ஊரின் 60 கேனும் இவருடையது. கேனுக்கு 6 ரூபாய் வீதம் 360 ரூபாய். நேற்று பூஜ்யம், இன்று 360. அளவுப் போட்டி ஊரில் அதே வடிகட்டியைப் போட்டால் இவர் 24 கேன் அனுப்புவார், அடுத்தவர் 18ஆகக் குறைத்துக்கொள்வார், விலை 58 ஆகும். இவருடைய லாபம் 400இலிருந்து 576. கூடியது 176தான். போட்டியே இல்லாமல் ஊரில் ஒரே ஆளாக இருந்தால்கூட அவருடைய லாபம் 900இலிருந்து 1,089க்குத்தான் போகும், கூடுவது 189. ஒன்றுமே சம்பாதிக்காதவருக்குத்தான் இந்த வடிகட்டியின் மேல் ஆசை அதிகமாக இருக்க நியாயம் இருக்கிறது. அவருக்கு அது ஊரையே வாங்கித் தருகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் விலைப் போட்டிதான் புதுமைக்கு நல்லது என்று எழுந்து போய்விடலாம். கொஞ்சம் பொறுங்கள். நாம் ஒன்றைச் சொல்லாமலே அனுமானித்துக்கொண்டோம். வடிகட்டி ஒருவரிடம் மட்டும் இருக்கிறது என்று.

தெற்குத் தெருக்காரரும் அதே வடிகட்டியை வாங்கிவிட்டால்? விலைப் போட்டியில் இருவருக்கும் அடக்கம் 34, விலையும் 34க்கு இறங்கிவிடும், லாபம் மறுபடி பூஜ்யம். வாங்கிய பணம் போனது போனதுதான். ஊர் மக்களுக்குத் தண்ணீர் மலிவானது; வாங்கியவர்களுக்குக் கடன்தான் மிச்சம். அளவுப் போட்டியில் அப்படி இல்லை. இருவரும் 22 கேன் அனுப்புவார்கள், விலை 56, ஆளுக்கு 484 ரூபாய். 84 ரூபாயாவது கூடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். தெற்குத் தெருக்காரர் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார், நம்மவர் பின்தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அளவுப் போட்டியில் பின்தங்கியவரின் லாபம் 324. எட்டிப் பிடித்தால் 484. அதனால் எட்டிப் பிடிக்க அவர் பணம் போடுவார். விலைப் போட்டியில் பின்தங்கியவருக்கு இப்போதும் பூஜ்யம், எட்டிப் பிடித்தாலும் பூஜ்யம். அவர் ஏன் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டும்? விலைப் போட்டியில் முதல் ஆளுக்கு எல்லாமே கிடைக்கிறது, இரண்டாம் ஆளுக்கு எதுவும் இல்லை. காப்புரிமை 20 வருடம் என்று சட்டம் போடுவதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது. மாத்திரையைப் போல எவரும் அப்படியே செய்துவிடக்கூடிய பொருளில், நகல் வந்த மறுநாள் விலை தரைக்கு வந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இதை நான் மிகவும் ரசிப்பேன். அளவுப் போட்டியில் நம்மவர் 24 கேன் ஏற்றியதும் எதிராளி 20இலிருந்து 18க்கு இறங்கினார் அல்லவா? சந்தை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, இன்னும் அனுப்பினால் விலை சரியும் என்று அவராகவே ஒதுங்கினார். அவர் 20இலேயே நின்றிருந்தால் நம்மவருக்கு அதிகபட்சம் 529தான் கிடைத்திருக்கும். எதிராளி விலகிக் கொடுத்ததால் 47 ரூபாய் கூடுதல். விலைப் போட்டியில் நேர்மாறாக நடக்கும். இரண்டு தண்ணீருக்கும் சுவையிலோ பெயரிலோ கொஞ்சம் வித்தியாசம் இருந்து, இருவருக்கும் சிறு லாபம் நிற்கிறது என்று வையுங்கள். நம்மவர் செலவைக் குறைத்தார் என்று தெரிந்ததும், அவர் விலையைக் குறைக்கப் போகிறார் என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். அவரும் குறைப்பார். நம்மவரின் புதுமை எதிராளியை உசுப்பிவிட்டு, கிடைத்ததில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். 1997இல் லாரி சியு என்ற ஆய்வாளர் இப்படிக் கொஞ்சம் வேறுபட்ட பொருள்கள் விற்கும் இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். செலவைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கு அளவுப் போட்டியில் இருப்பவர்களே அதிகம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. விலை என்னவோ விலைப் போட்டியில்தான் குறைவு. ஆனால் ஆராய்ச்சி நல்ல பலன் தருவதாக இருந்து, அறிவு அடுத்தவருக்கும் எளிதில் கசிந்து, பொருள்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், ஊருக்கு மொத்தத்தில் கிடைக்கும் நன்மையிலும் அளவுப் போட்டியே முந்திவிடலாம்.

நிஜ உலகில் இதைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் கைபேசிக்குள்ளேயே பார்க்கலாம். அதில் டிராம் என்ற நினைவகச் சில்லு இருக்கிறது. நாம் ஒரு செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது அதன் விவரங்களைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான், சமையல் மேடை மாதிரி. சாமான் அறை வேறு. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள்தான் உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதியைச் செய்கின்றன. ஒருவர் சில்லைக் கழற்றி இன்னொருவருடையதைப் போட்டாலும் வேலை செய்யும், அவ்வளவு ஒரே மாதிரி. பெர்த்ரான் பார்த்தால் விலை தரைமட்டமாகும் என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு புது ஆலைக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் ஆகும், கட்டவும் வருடங்கள் ஆகும். எவ்வளவு கொள்ளளவு கட்டுவது என்பது மண்டபம் கட்டுகிற மாதிரியான முடிவு. 2022 இறுதியில் சில்லு விலை சரிந்தபோது மைக்ரானும் எஸ்கே ஹைனிக்ஸும் உற்பத்தியைக் குறைத்தன; 2023 ஏப்ரலில் சாம்சங்கும் குறைப்பதாக அறிவித்தது. கேனைக் குறைத்து ஏற்றுகிற அதே கணக்கு.

இந்த மூன்று நிறுவனங்களும் விடாமல் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகின்றன. ஒரு சில்லுக்குள் இருக்கும் நினைவறைகளைச் சின்னதாக்கினால், அதே தகட்டில் அதிகமான சில்லுகளை வெட்டலாம், அடக்கம் குறையும். ஒருவர் அதைச் செய்துவிட்டால் மற்ற இருவரும் 324 ரூபாயில் நிற்கும் கேன்காரரைப் போல ஆகிவிடுவார்கள். எட்டிப் பிடித்தால் 484 இருக்கிறது என்பதால் அவர்களும் பின்னாலேயே ஓடுகிறார்கள்.

இதில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஆளாளுக்கு ஆலைகளைக் கட்டிக் குவித்துவிட்டால், நாளைக்கு ஊரே வந்தாலும் கொடுக்கலாம் என்ற நிலை வந்துவிடும். அப்போது மண்டபத் தொழில் ஜெராக்ஸ் தொழிலாகிவிடும். ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012இல் திவாலாகி, பிறகு மைக்ரான் கைக்குப் போனது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தனித்தனியாக யோசித்து அளவைக் குறைப்பது வேறு, அறைக்குள் உட்கார்ந்து விலையைப் பேசி வைத்துக்கொள்வது வேறு. இதே டிராம் தொழிலில் விலையைக் கூட்டாக நிர்ணயித்ததை ஒப்புக்கொண்டு, சாம்சங் 2005இல் அமெரிக்காவில் 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. முதலாவது கூர்னோவின் கணக்கு. இரண்டாவது குற்றம்.

விலைப் போட்டியின் முகத்தை நாம் நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம். செல்போன் கோபுரங்கள் நின்று, அலைக்கற்றையும் கையில் இருக்கும்போது இன்னும் ஒரு நிமிடப் பேச்சைக் கடத்தக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ முழுக்க 4ஜியில் இயங்கும் வலைப்பின்னலோடு வந்தது. பேச்சையும் டேட்டாவாகவே அனுப்பியது, பழைய 2ஜி, 3ஜி சுமை அதற்கு இல்லை. பேச்சுக்குக் காசு வாங்கவில்லை. புது வடிகட்டி ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் ஏர்செல் திவாலானது. அதே வருடம் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. நமக்கு உலகத்திலேயே மலிவான டேட்டாவில் ஒன்று கிடைத்தது. ஆட்கள் குறைந்த பிறகு, 2019 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் மிஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியதும் நம் எல்லோருக்கும் தெரியும்.

முந்தாநாள் மறுபடியும் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷினின் விளம்பரத் தாள் கண்ணாடிக்கு அடியில் அப்படியே இருந்தது. பத்து பைசா மிச்சமாவது நிஜம்தானா என்று நான் கேட்கவில்லை. "இதை நீங்க வாங்கினா, பக்கத்துக் கடைக்காரர் இதே மெஷினை வாங்க எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

கையில் இருந்த தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு வாரம்கூட ஆகாது சார். ரெண்டு பேருக்கும் ஒரே டீலர்தான்."